கருவ வெறகு வெட்ட செயின்சா வாங்கணும், எத எடுக்கலாம்?

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். கள்ளிக்குடி பக்கம் ஒரு கிராமம் நம்ம ஊரு. அப்பா பேர்ல 4 ஏக்கர் கரிசக்காடு கெடக்கு, ஒரு காலத்துல பருத்தியும் சோளமும் போட்டாங்க. 12 வருசமா உழவே இல்ல, நான் சென்னைல வேலைல இருந்தேன், அப்பாவுக்கும் முடியல, இப்ப போய்ப் பாத்தா காடு இருந்த எடமே தெரியல, பூராம் சீமக்கருவ. உள்ள போகணும்னா ஆடு போற தடத்துல குனிஞ்சுதான் போகணும்.

நான் இப்ப ஊரோட வந்து மாமா கூட சேந்து கல்யாண சமையல் எடுத்துச் செய்றேன். கேஸ் இருந்தாலும் சோத்துக்கும் பிரியாணிக்கும் மாமா கோட்டை அடுப்ப விடமாட்டேங்குறாரு, கருவ கங்கு போட்டாத்தான் தம் நிக்கும்னு ஒரே பிடி. 500 பேர் சமையல்னா கால் டன்னுக்கு மேல வெறகு போகுது. சொந்தக் காட்டுல அம்புட்டு வெறகு நிக்கிது, நான் திருமங்கலம் டிப்போல எடை போட்டு காசு குடுத்து வாங்கிட்டு வர்றேன், கடுப்பாகுமா ஆகாதா. வெட்ட ஆள் கேட்டா பாதிக்குப் பாதி கேக்குறாங்க, அதுவும் அவங்க சவுரியப்பட்ட அன்னைக்குத்தான் வருவாங்க.

அதான் மிஷின் வாங்கிரலாம்னு. பட்ஜெட் 25,000. ஆன்லைன்ல 58 சிசி, 22 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீட்டுத் தகடு), 7,000க்குள்ள கெடக்கு, ரேட்டிங்லாம் நல்லாத்தான் இருக்கு. ஷோரூம்ல கேட்டா ஸ்டில் எம்எஸ் 180ன்னு ஒண்ண காட்டுறாங்க, அது வெறும் 31.8 சிசி, 16 இஞ்ச்தான், வெல மூணு மடங்கு. அதே கடைல எம்எஸ் 250 பாத்தேன், அது பட்ஜெட்ட தாண்டி எங்கயோ போகுது. சிசி கம்மியானதுக்கு எதுக்குய்யா இம்புட்டு காசுன்னு மாமா கேக்குறாரு, எனக்கும் பதில் தெரியல. கரண்ட்ல ஓடுறதும் இருக்காமே.

மரம் முக்காவாசி கைத்தண்டி, தொடைத்தண்டி. பெருசுன்னா ஒரு 9 இஞ்ச் இருக்கும். ஆனா வரப்பு ஓரம் ஒரு பழைய புளியமரம் போன வருசம் அடிச்ச காத்துல சாஞ்சு கெடக்கு, அதோட அடி ரெண்டரை அடி விட்டம் இருக்கும், அதுக்காகத்தான் 22 இஞ்ச் பாத்தேன். இதுக்கு முன்னாடி செயின்சாவ கைல தொட்டதே இல்ல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


மேலூர் மாப்ள:

பங்காளி, ஒரே ஒரு புளியமரத்துக்காக 22 இஞ்ச் வாங்குறது, என்னைக்கோ ஒரு விருந்துக்கு வாங்குன அண்டாவுல தெனமும் வீட்டுக்கு ரசம் வைக்கிற கதைதான். சமையல்காரருக்கு நான் சொல்லவா வேணும்.

சிசிய வச்சு மட்டும் பாக்காதீக. எத்தன கிலோவாட்னு பாருங்க, எம்எஸ் 180 ஒண்ணரை கிலோவாட்ட ஒட்டி வரும், 250 வந்து 45.4 சிசி, 2.3 கிலோவாட். ஆன்லைன்ல 58னு போட்டிருக்கதுல பாதிப் பேரு பவர் எம்புட்டுன்னு ஒழுங்கா எழுதவே மாட்டாய்ங்க, எழுதுனாலும் நம்ப முடியாது. 9 இஞ்ச் மரத்துக்கு 16 இஞ்ச் பாரே தாராளம், பாக்கப்போனா 14 போதும்.

நீளத்துல இன்னொரு வில்லங்கம் இருக்கு, அத யாரும் கடைல சொல்ல மாட்டாங்க. வேப்பமரம் மாதிரி கருவ ஒத்தையா நிக்காது, தூர்ல இருந்தே ஏழெட்டு கம்பு கெளம்பி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்கும். நீங்க முன்னாடி உள்ள கம்ப அறுத்துக்கிட்டு இருப்பீக, 22 இஞ்ச் பாரோட மூக்கு அந்தப் பக்கம் இன்னொரு கம்புல போய் முட்டிக்கிட்டு நிக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. பார் மூக்குல மேல்பக்கம் கால்வாசி இருக்கு பாருங்க, அந்த எடம் எதுலயாச்சும் பட்டுச்சுன்னா செயின் ஓடுற வேகத்துக்கு மிஷின் அப்டியே மேல ஏறி உங்க மூஞ்சிக்குத்தான் வரும். கண்ண மூடித் தொறக்குற நேரம் கூட கெடையாது. அதனால கருவக்குள்ள போறவனுக்கு பார் குட்டையா இருக்க இருக்க நல்லது.

என் ஓட்டு 250க்கு, 16 இஞ்ச் பார் போட்டு. காசு இடிச்சா 180. ஹஸ்க்வர்னாலயும் 38 சிசில ஒண்ணு வருது, உங்க பக்கம் சர்வீஸ் இருந்தா அதையும் பாருங்க. எந்தக் கம்பெனின்றது ரெண்டாவது, எந்தக் கடைக்காரன் ஸ்பேர் வச்சிருக்கான்றதுதான் மொதல்ல.


சோழவந்தான் தோப்பு:

எல்லாரும் சைனா மிஷின திட்டுவீங்க, தெரியும். நான் 6,500க்கு வாங்குனது மூணு வருசமா ஓடுது. தென்னந்தோப்பு வச்சிருக்கேன், காய்ப்பு நின்ன மரத்த வெட்டுறதுக்கும், விழுந்தத துண்டு போடுறதுக்கும்தான் எடுப்பேன்.

மறைக்காம சொல்லிர்றேன். வந்த வாரமே பார் நட்டு கழண்டு எங்கயோ தென்னஞ் சருகுக்குள்ள விழுந்திருச்சு, அரை நாள் தேடுனேன். கூட வந்த செயின் ஒரே மரத்துல மழுங்கிப்போச்சு, தூக்கிப்போட்டு ஆரிகன் கம்பெனி செயின் வாங்கிப் போட்டேன். ஆறாவது மாசம் ஆயில் பம்ப் நின்னு போனது தெரியாம ஓட்டி பார் நீலம் பாரிச்சுப் போச்சு. கார்புரேட்டர் ரெண்டு மாத்தியாச்சு, அது அஞ்சாறு நூறுதான். எல்லாத்தையும் நானே கழட்டி மாட்டுவேன், ஆர்எக்ஸ் 100 வச்சிருந்த காலத்துல இருந்தே எனக்கு அந்தக் கிறுக்கு உண்டு. உங்களுக்கு ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கம் இருந்தா வாங்குங்க, இல்லேன்னா மிஷின் வேல செய்றத விட நீங்க மிஷினுக்கு வேல செய்றதுதான் ஜாஸ்தியா இருக்கும்.

நாளைக்கு முகூர்த்தம், இன்னைக்கு வெறகு வேணும்னு நிக்கிற ஆளுக்கு நான் இத சொல்ல மாட்டேன்.


டவுன்காரன் மதுரை:

கரண்ட் ரம்பம் பத்தி கேட்டிருந்தீங்க. நான் தச்சு வேல, பட்டறைல மகிட்டா 16 இஞ்ச் வச்சிருக்கேன், 1,800 வாட். சத்தம் கம்மி, பெட்ரோல் கலக்குற வேல இல்ல, சுவிட்ச அமுக்குனா ஓடும், விட்டா நிக்கும். வீட்டு வாசல்ல டிராக்டர்ல கட்டைய எறக்கி துண்டு போடுறதுக்கு அத மாதிரி சொகம் எதுவும் கெடையாது. ஆனா உங்க காட்டுல எங்கிட்டு இருந்து கரண்ட் எடுப்பீங்க? மோட்டார் ரூம்ல த்ரீ பேஸ் வர்ற நேரம் ஒரு கணக்கு, அதுல இருந்து நூறு மீட்டர் வயர் இழுத்தா வோல்டேஜ் எறங்கி மோட்டார் சூடாகி காயில் போயிரும். வயரு சன்னமா இருந்தா இன்னும் மோசம். 2.5 ஸ்கொயர் வயர்னாலும் அம்பது மீட்டருக்கு மேல நான் இழுக்க மாட்டேன்.

பேட்டரில 6 இஞ்ச் 8 இஞ்ச்னு பொம்ம மாதிரி வருதே, அது மாதுளைக்கும் முருங்கைக்கும் கவாத்து பண்ண. கருவைக்கு வேணாம்.


ரம்பக்காரன்:

தம்பி நான் உசிலம்பட்டிப் பக்கம், 19 வருசமா இதான் தொழிலு, வாடிப்பட்டி பேரையூர் வத்ராப்புன்னு நான் மரம் அறுக்காத ஊரு இல்ல. எந்த மிஷின்னு கேக்குறிய, மிஷின விடு, மொதல்ல அரம் பிடிக்கத் தெரியுமான்னு சொல்லு. அரத்துக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டியன்னா ஒனக்கு எதுவுமே வாங்கித் தரக்கூடாது.

கருவ இருக்கே, பச்சையா இருக்கும்போது வெண்ண மாதிரி அறுபடும், வெட்டிப்போட்டு நாலு மாசம் காஞ்சிருச்சுன்னா இரும்பு. அதனால துண்டு போடுறத பச்சையிலயே போட்டுரு, காயட்டும்னு நீட்டு நீட்டா அடுக்கி வச்சிட்டு அப்பறம் அறுக்கலாம்னு நெனைக்காத, நெறையாப் பேரு அங்கதான் கெட்டுப்போறாய்ங்க. அடுத்தது மண்ணு. ஒங்க காடு கரிசலு, மழைக்கு மண்ணு தெறிச்சு பட்டையெல்லாம் அப்பிக்கிட்டு காஞ்சு கெடக்கும், தூர ஒட்டி அறுக்கும்போது அந்த மண்ணுதான் பல்ல திங்கிறது, மரம் இல்ல. அறுக்கப்போற எடத்துல அருவாவால பட்டைய ரெண்டு சீவு சீவி விட்டுட்டு வையி. தரைல கெடக்க கம்ப அப்பிடியே அறுக்காத, செயின் ஒரு வாட்டி தரைய தொட்டுச்சுன்னா அம்புட்டுத்தான், அப்பறம் நீ அறுக்கல, தேய்க்கிற. நாலு கம்ப நட்டு பெருக்கல் குறி மாதிரி ரெண்டு கவட்டை கட்டி அதுமேல தூக்கி வச்சு அறு, இடுப்பும் தப்பிக்கும். பழைய வேலின்னா கம்பி இருக்கும், மரம் கம்பிய முழுங்கி வளந்திருக்கும், வெளிய தெரியாது, வரப்போரத்து மரத்துல கண்ணு வையி.

செயின் மழுங்குனது எப்பிடித் தெரியும்னா தூளப் பாரு. தேங்கா துருவுன மாதிரி செதில் செதிலா விழுந்தா பல்லு இருக்கு. மாவு மாதிரி பறந்தா பல்லு போச்சு. மாவு வந்ததுக்கு அப்பறமும் போட்டு அமுக்குறாய்ங்க பாரு, அங்கதான் பாரும் போகுது, கிளச்சும் போகுது, ஆளோட தோளும் போகுது. நல்ல செயின் தானா உள்ள எறங்கும், நீ சும்மா மிஷினப் பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். நான் ஒரு டேங்கு பெட்ரோல் தீந்தா ஒரு வாட்டி அரம் போடுவேன், பல்லுக்கு ரெண்டு இழுப்பு, மூணு இழுப்பு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, முன்னாடி தள்ளும்போது மட்டும் அராவணும், திரும்ப இழுக்கும்போது தூக்கிரணும். ஒரு பக்கம் ரெண்டு இழுப்பு கூடிருச்சுன்னா மரத்துக்குள்ள அறுப்பு வளைஞ்சு போகும். அரம் அளவு முக்கியம், 180க்கு வர்ற செயினுக்கு 4 மில்லி வட்ட அரம், 250க்கு வர்றதுக்கு 4.8 மில்லி. எல்லாத்துக்கும் ஒரே அரத்தப் போட்டு பல்லக் கெடுத்துட்டு செயின் சரியில்லன்னு சொல்லுவாய்ங்க. பல்லுக்கு முன்னாடி ஒரு குட்டி மேடு இருக்கும், நாலஞ்சு வாட்டி அராவுனதுக்கு அப்பறம் அதையும் பட்டை அரத்தால கொஞ்சம் கொறைக்கணும், ஜாஸ்தி கொறைச்சிராத, மிஷின் துள்ளும்.

புளியமரத்த நீ தொடாத. கோவிச்சுக்காத, சாஞ்சு கெடக்க மரம் நிக்கிற மரத்த விட மோசம். தூர் பாதி மண்ணுல இருக்கும், கெள பாரத்துல அடிமரம் வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும், நீ எங்கயோ அறுக்க, தூர் கட்டை திடீர்னு நிமுந்து திரும்ப குழிக்குள்ள போய் உக்காரும். நான் பாத்திருக்கேன். அத தொழில்காரன்ட்ட குடு.

ஒடுப்பு. நம்மாளுக கைலியக் கட்டிக்கிட்டு ரப்பர் செருப்போட செயின்சா பிடிக்கிறத நீயும் பாத்திருப்ப, நானும் பத்து வருசம் அப்பிடித்தான் அறுத்தேன். கைலி நுனி செயின்ல சிக்குனா என்ன ஆகும்னு என் எடது முட்டிக்கு மேல பதினோரு தையல் இருக்கு, அத வந்து பாரு. மழுங்குன செயின், சாயந்தர நேரம், இன்னும் ஒரே ஒரு கட்டைதானேன்னு நெனச்சேன். ஒரே ஒரு கட்டைதான் எல்லாத்தையும் கெடுக்குறது. இப்ப பேண்டு, முன்னாடி கட்டுற அந்தத் தடி துணி, அதுக்குள்ள நூலு நூலா இருக்கும், செயின் பட்டா நூலு போய் சக்கரத்துல சுத்தி மிஷின நிப்பாட்டிரும். வேர்க்கும், நம்ம ஊர் வெயிலுக்கு நரகமாத்தான் இருக்கும், காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு பத்துக்கு முடிச்சிரு. பூட்சு கெட்டியா போடு, கருவ முள்ளு சாதா செருப்ப ஊசி மாதிரி தொளைச்சு ஏறும், ஏறுன முள்ளு உள்ள ஒடிஞ்சா நாலு நாளைக்கு கால ஊன முடியாது. கண்ணாடி இல்லாம கருவக்குள்ள போகவே கூடாது.

ரெண்டு செயின் வாங்கு. காட்டுல ஒண்ணு மழுங்குனா மாத்திட்டு வேலயப் பாரு, சாயந்தரம் வீட்டுத் திண்ணைல ஒக்காந்து ரெண்டையும் அராவு.

மிஷின் கேட்டியல்ல, வாரத்துக்கு ஒரு நாளுன்னா 180 போதும். தெனமும்னா 250.


அலங்காநல்லூர் அக்கா:

ரம்பக்காரன் அண்ணே சொன்னத எல்லாரும் எழுதி வச்சுக்கங்க. நான் வேற ஒண்ணு கேக்குறேன். தம்பி, உனக்கு காடு வேணுமா, வெறகு வேணுமா? அத முடிவு பண்ணாம மிஷின் வாங்காத.

செயின்சாவால கருவைய ஒழிக்க முடியாது. மேல அறுத்தா ஒண்ணுக்கு ஏழா துளுத்துக்கிட்டு வரும். 2017ல ஹைகோர்ட் மதுரைக் கிளை கருவைய அகத்தச் சொன்னப்ப எங்க பக்கம் கண்மாய்க்குள்ள மேலோட மேல வெட்டிட்டுப் போனாங்க, ரெண்டு மழை பேஞ்சதும் முன்னைய விட அடர்த்தியா நின்னுச்சு. உழவு போடணும்னா தூரோட பேக்கணும், அதுக்கு ஜேசிபி. வேளாண் பொறியியல் துறைல வாடகைக்கு எடுக்கலாம், உழவன் ஆப்லயே பதியலாம், வெளிய எடுக்குறத விட வாடகை கம்மி, ஆனா முறை வர்றதுக்குக் காத்திருக்கணும். பேத்த தூர்க்கட்டைய வீணாக்காத, உங்க கோட்டை அடுப்புக்கு அத விட நின்னு எரியிற கட்டை கெடையாது. கரி மூட்டம் போடுறவங்களும் வாங்கிக்குவாங்க.

நானா இருந்தா மூணு ஏக்கர தூர் எடுத்து உழவுக்குக் கொண்டாந்துட்டு ஒரு ஏக்கர வெறகுக்குன்னே விட்டு வைப்பேன். சிவகங்க ராம்நாட்டுப் பக்கம் கரி போடுறவங்க அப்பிடித்தான், மூணு நாலு வருசத்துக்கு ஒரு தரம் வெட்டுவாங்க, அது திரும்பத் துளுத்து கைத்தண்டி ஆனதும் மறுபடி வெட்டு. அதுக்கு உனக்கு சின்ன மிஷினே போதும், ஏன்னா அது தொடைத்தண்டி ஆகவே விடமாட்ட.

அப்பறம் புளியமரம் உங்க வரப்புலதான் இருக்கா, இல்ல பாதை பொறம்போக்குலயா? நல்லா பாத்துக்க. ரோட்டோரத்துப் புளியமரம்லாம் அரசாங்கத்தோடது, விழுந்து கெடந்தாலும் நாம கை வைக்கக்கூடாது. வரப்புல பனை நின்னுச்சுன்னா அதத் தொடாத, 2021ல இருந்து கலெக்டர் அனுமதி இல்லாம பனைய வெட்டக் கூடாது, பட்டா நெலமா இருந்தாலும்தான்.


கரிசக்காட்டான்:

அப்பாடி, ஒரு கேள்வி கேட்டேன், ஒரு படிப்பே படிச்ச மாதிரி இருக்கு. ரம்பக்காரன் அண்ணே, தையல் கதைய மாமாட்ட படிச்சுக் காட்டுனேன், மனுசன் ஒண்ணும் பேசல, எந்திரிச்சுப் போய் பேண்டு மாட்டிட்டு வந்து நின்னாரு.

அக்கா, புளியமரம் பட்டாவுக்குள்ளதான், அப்பா சர்வே கல்ல காட்டுனாரு. அத ஆள் வச்சே அறுத்துக்குறோம். காடா வெறகான்னு நீங்க கேட்டதுக்கு அப்பாவும் நானும் ரெண்டு நாள் பேசுனோம், அவரு பூராத்தையும் உழணும்ங்குறாரு, உழுதா யாரு பாக்குறதுன்னு நான் கேக்குறேன், அது வேற பஞ்சாயத்து.

ஒரு சந்தேகம். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல் எல்லாமே எத்தனால் 20 சதம் கலந்ததாமே, அது செயின்சாவுக்கு ஆகாதுன்னு ஒருத்தர் பயங்காட்டுறாரு. ஆயில் எம்புட்டு கலக்கணும்? பழைய டிவிஎஸ் 50க்கு ஊத்துற 2டி ஆயில் வீட்ல கெடக்கு, அது ஆகுமா?


மேலூர் மாப்ள:

எத்தனால் தண்ணிய உறிஞ்சும், அதான் பிரச்சனை. ஓடிக்கிட்டே இருக்க வண்டில தெரியாது. செயின்சாவ ஒரு நாள் ஓட்டிட்டு ரெண்டு மாசம் பரண்ல போட்டுட்டா, உள்ள இருக்க பெட்ரோல் ஈரத்த இழுத்து, தண்ணியும் எத்தனாலும் அடில தனியா எறங்கிரும். கார்புரேட்டருக்குள்ள சவ்வு மாதிரி ஒரு ரப்பர் இருக்கு, டியூப் இருக்கு, எல்லாம் ஊறி வெறைச்சுப் போகும். அப்பறம் கயித்த இழுத்து இழுத்து கை கழண்டாலும் ஸ்டார்ட் ஆகாது. நாம மிஷின திட்டுவோம்.

அதனால வேலைக்கு வேணும்ற அளவு மட்டும் கலக்குங்க, ஒரு லிட்டர் ரெண்டு லிட்டர், அதுக்கு மேல வேணாம். கலந்தத ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீக. வேல முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு எடுக்க மாட்டோம்னு தெரிஞ்சா டேங்க கவுத்துட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு வைங்க.

ஆயில் கணக்கு, ஸ்டில் ஆயிலா இருந்தா 1க்கு 50, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. அவங்க புக்லயே வேற ஆயில்னா 1க்கு 25ன்னுதான் போட்டிருக்கு, லிட்டருக்கு 40 மில்லி. டிவிஎஸ்ல கெடக்குறத வண்டிக்கே ஊத்துங்க, அந்த வண்டி ஓடுற சூடு வேற, இது சுத்துற சூடு வேற. பைக்குக்கு ஊத்துற 4டி இஞ்சின் ஆயில மறந்தும் கலந்துறாதீக. ஆயில் கலக்காத பச்சப் பெட்ரோல ஊத்துனா அஞ்சு நிமிசத்துல பிஸ்டன் பிடிச்சுக்கிரும், கேன் மேல பெயிண்ட்ல எழுதி வைங்க.

பங்க்ல வாட்டர் பாட்டில்ல கேட்டா குடுக்க மாட்டாய்ங்க, ஒழுங்கான கேன் கொண்டு போங்க.


சோழவந்தான் தோப்பு:

செயின் ஆயிலுக்கு வண்டில வடிச்ச கழிவு ஆயில ஊத்துறதப் பத்தி யாரும் சொல்லலயே. எங்க பக்கம் எல்லாருமே அதான் பண்றாய்ங்க, நானும் பண்ணுனேன். அதுல இரும்புத் தூளு, கரி எல்லாம் கெடக்கும், என் பம்பு போனதுக்கு அதான் காரணமா இருக்கும்னு இப்ப தோணுது. சைனாக்காரன் மேல பழியப் போட்டுட்டேன். அதுபோக கை காலெல்லாம் அது தெறிக்கும், நீங்க அந்தக் கட்டைல சோறு வேற ஆக்கப்போறீங்க. நல்ல செயின் ஆயில் ஊத்துங்க. பெட்ரோல் டேங்க் தீரும்போது ஆயில் டேங்கும் கிட்டத்தட்ட தீரணும், ஆயில் அப்பிடியே நின்னுச்சுன்னா பாருக்குப் போகலன்னு அர்த்தம். வெள்ளப் பேப்பருக்கு மேல மூக்க நீட்டி மிஷின ஒரு முறுக்கு முறுக்குனா எண்ணெக் கோடு விழணும், விழலேன்னா ஓட்டாதீங்க.


கரிசக்காட்டான் (மூணு வாரம் கழிச்சு):

வாங்கியாச்சு. எம்எஸ் 180, 16 இஞ்ச். 250ஐ கைல தூக்கிப் பாத்தேன், பவர் ஆசையாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த மிஷினே பட்ஜெட்ட தாண்டிருது, அப்பறம் காலுக்குக் கட்டுற துணியும் கண்ணாடியும் ரெண்டாவது செயினும் வராது. ரம்பக்காரன் அண்ணே தையல நெனச்சுக்கிட்டு சின்னத எடுத்துட்டு மிச்சக் காசுல இதெல்லாம் வாங்கிட்டேன். வட்ட அரம் 4 மில்லி ரெண்டு, பட்டை அரம் ஒண்ணு. கடைல ஒரு பையன் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணக் காட்டுனான், தரைல வச்சு பின்கைப்பிடில வலது கால மிதிச்சுக்கிட்டு கயித்த இழுக்கணும், கைல தொங்க விட்டுக்கிட்டு இழுக்கக் கூடாதுன்னு ரெண்டு வாட்டி சொன்னான். செயின் பிரேக்க முன்னாடி தள்ளிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணுமாம், அது எனக்கு இங்க யாரும் சொல்லல.

மொத நாள் அரை மணி நேரத்துலயே செயின தரைல தொட்டுட்டேன். ஒரே செகண்டுதான். அதுக்கப்பறம் மாவுதான் பறந்துச்சு, அண்ணே சொன்னது அப்பிடியே. நல்லவேள ரெண்டாவது செயின் இருந்துச்சு. கவட்டை கட்டுனதுக்கு அப்பறம் வேல வேற மாதிரி ஆயிருச்சு, அப்பா கம்ப எடுத்து வைக்க நான் அறுக்க, ரெண்டடி துண்டா காலைல நாலு மணி நேரத்துல ஒரு டிராக்டர் டிப்பர்ல பாதி தேறுச்சு. முள்ளுக் கெளைய கழிக்கிறதுக்கு இன்னும் அருவாதான், அதுல மிஷின் வேலைக்கு ஆகல, மிஷின் அறுக்குற நேரத்த விட முள்ளு கழிக்கிற நேரம்தான் ஜாஸ்தி, இத யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம். கவட்டை மேல வச்சு நடுவுல மேல இருந்து அறுத்தா கடைசில கட்டை உக்காந்து பார கவ்விப் பிடிச்சுக்கிருச்சு, ஆப்பு அடிச்சு எடுத்தேன். கவட்டைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்க முனைல அறுத்தா தானா கீழ விழுந்துருது, சிக்கல் இல்ல.

புளியமரத்துக்கு ஆள் வந்தாங்க, மூணு பேரு, பெரிய மிஷின். அண்ணே சொன்ன மாதிரியே அடிய அறுத்த உடனே தூர் டமார்னு நிமுந்து குழில போய் உக்காந்துச்சு. அப்பா பத்தடி தள்ளித்தான் நின்னாரு. எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

இப்ப ஒரு பிரச்சனை. வேல முடிச்சு மிஷின திண்ணைல வச்சா காலைல அடில எண்ணெ குட்டையா தேங்கி நிக்கிது. பெட்ரோல் வாடை இல்ல, செயின் ஆயில்தான். புது மிஷின்ல இப்பிடி ஒழுகுமா, கடைக்கு எடுத்துட்டுப் போகவா?


ரம்பக்காரன்:

ஒழுகும் தம்பி, பாருலயும் செயின்லயும் ஏறுன எண்ணெ ராவுல எறங்கும், கொஞ்சமா இருந்தா ஒண்ணும் இல்ல. டேங்கே காலியாகுதுன்னா கடைக்குப் போ. வேல முடிஞ்சதும் சைடு மூடிய கழட்டி உள்ள அடைஞ்சு கெடக்க தூள பிரஷ்ல தள்ளி விட்டுரு, அந்தத் தூளு எண்ணெயக் குடிச்சுக்கிட்டு ராத்திரி பூராம் கக்கும். செயின லூஸ் பண்ணி வச்சியா? சூட்டுல இறுக்குன செயின் ஆறுனா சுருங்கும், அப்பிடியே விட்டா பேரிங்க இழுக்கும்.

அடில ஒரு பழைய அட்டைய விரிச்சு வையி. முள்ளு கழிக்க வீச்சருவா வேணாம், வெட்டருவாக்கு நீளமா கம்பு போட்டுக்க, கை முள்ளுக்குள்ள போகாது.


கரிசக்காட்டான்:

லூஸ் பண்ணலண்ணே. இப்பப் போய் பண்றேன்.


அலங்காநல்லூர் அக்கா:

அந்த ஒரு ஏக்கர் என்னாச்சு தம்பி, அப்பா ஒத்துக்கிட்டாரா?


கரிசக்காட்டான்:

முக்கா ஏக்கருக்கு வந்திருக்காருக்கா.